திருகோணமலைக்கு ஊழியத்துக்கு வருகிறீர்களா? முதல் வருடத்துக்கான வழிகாட்டி

நாகர்கோவில், சென்னை, கோலாலம்பூர், டொரொன்டோ என்று பல ஊர்களிலிருந்து இலங்கையின் திருகோணமலைக்குக் கிறிஸ்தவ ஊழியம் செய்ய வந்த இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் எங்கள் வீட்டு முன்னறையில் தங்கியிருக்கிறார்கள். சிலர் ஆறு மாதம், சிலர் இரண்டு வருடம். அவர்களுக்குச் சோறு போட்டிருக்கிறேன், காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறேன், இரவில் அழுததையும் கேட்டிருக்கிறேன். ஏறத்தாழ எல்லோரும் ஒரே நினைப்போடுதான் வந்து இறங்குவார்கள்: "தமிழ் பேசும் ஊர்தானே, நமக்கென்ன கஷ்டம்?"

காலை வாரிவிடுவது அந்த நினைப்புத்தான். ஜப்பானுக்கோ கென்யாவுக்கோ போகிற இளைஞன் தான் அந்நியன் என்பதை விமான நிலையத்திலேயே உணர்ந்து, ஒவ்வொரு அடியையும் பார்த்து வைக்கிறான். இங்கே வருகிறவருக்குப் பெயர்ப்பலகை புரிகிறது, பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது புரிகிறது. அதனால் எல்லாமே புரிந்துவிட்டது என்று எண்ணி இரண்டாம் நாளே பேச ஆரம்பித்துவிடுகிறார். இனி வருகிறவர்களாவது அந்த இடத்தில் தடுக்கி விழக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கடிதமும் வீசாவும்

உங்களை அனுப்புவது யார், இங்கே உங்களை ஏற்றுக்கொள்வது யார்? இந்த இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். "ஆண்டவர் அழைத்தார், வந்துவிட்டேன்" என்று தனியாக வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அழைப்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் நோயில் விழுந்தால் தண்ணீர் கொடுக்க ஒரு வீடும், தவறு செய்தால் கண்டிக்க ஒரு பெரியவரும் வேண்டும்.

1814இல் மெதடிஸ்த திருச்சபையின் முதல் மிஷனரிகள் இலங்கைக்குக் கப்பலில் வந்தபோது, அவர்களை அழைத்துவந்த தோமஸ் கோக் வழியில் கடலிலேயே இறந்துபோனார். கரை சேர்ந்தவர்களில் ஒருவரான வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்குத் தனியாளாகப் போனார். எட்டு மாதம் ஓடியோடிப் பள்ளிக்கூடங்களைத் தொடங்கிவிட்டு, 1815இல் நோயுற்று அங்கேயே இறந்தார். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அவரிடமிருந்துதான் எண்ணுகிறது. அந்தக் காலத்தில் வேறு வழி இருக்கவில்லை. உங்களுக்கு வழி இருக்கிறது. ஏற்றுக்கொள்ளும் சபையின் கடிதத்தில் நீங்கள் எங்கே தங்குவீர்கள், யாருக்குப் பொறுப்புச் சொல்வீர்கள், என்ன வேலை செய்வீர்கள், செலவை யார் பார்ப்பார்கள் என்ற நான்கும் இருக்கட்டும்.

அடுத்தது வீசா. சுற்றுலா வீசாவில் வந்து ஊழியம் செய்யாதீர்கள். சமயப் பணிக்கென்று வதிவிட வீசா இருக்கிறது. உங்களை அழைக்கும் திருச்சபையே அதற்கு முன்னின்று ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். கிறிஸ்தவ சமய அலுவல்கள் திணைக்களம், குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் என்று அலுவலகம் அலுவலகமாக அது நகரும். மாதக்கணக்கில் இழுக்கலாம். பொறுத்திருங்கள். அவசரப்பட்டுச் சுற்றுலாப் பயணியாக வந்த ஒரு தம்பி, ஒரு கிராமத்தில் வீட்டுக் கூட்டம் வைத்தார். யாரோ முறைப்பாடு செய்தார்கள். தம்பி இரண்டாம் வாரம் ஊருக்குத் திரும்பிவிட்டார். அவரைக் கூட்டிக்கொண்டு போன உள்ளூர்ப் போதகர்தான் அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் பொலிஸ் நிலையத்துக்கு அலைந்தார்.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். இலங்கை அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மையான இடம் கொடுக்கிறது. 10ஆம் உறுப்புரை, தான் விரும்பும் மதத்தைக் கொண்டிருக்கவும் ஏற்றுக்கொள்ளவும் ஒவ்வோர் ஆளுக்கும் சுதந்திரம் தருகிறது. வழிபாட்டிலும் போதனையிலும் தன் மதத்தை வெளிப்படுத்தும் உரிமை 14ஆம் உறுப்புரையில் வருகிறது. அது ஒவ்வொரு பிரசைக்கும் உரியது என்றே எழுதப்பட்டிருக்கிறது. நீங்கள் இந்நாட்டுப் பிரசை அல்ல. 2003இல் உயர் நீதிமன்றம் (இங்கே உயர் நீதிமன்றம் என்றால் நாட்டின் தலைமை நீதிமன்றம்) ஒரு கத்தோலிக்க அருட்சகோதரிகள் சபை தொடர்பான தீர்மானத்தில், மதத்தைப் பரப்பும் உரிமையை இந்த அரசியலமைப்பு தரவில்லை என்று சொன்னது. இந்தியாவில் "பரப்புதல்" என்ற சொல்லே அரசியலமைப்பில் இருப்பதால், அங்கிருந்து வருகிறவர்கள் இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். துண்டுப் பிரசுரத்தைக் கையில் எடுக்கும் முன் உங்கள் சபைப் பெரியவரிடம் கேளுங்கள். பஸ் நிலையத்தில் நின்று விநியோகிப்பதை நான் எவருக்கும் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

வந்து இறங்கும் வாரம்

கொழும்பிலிருந்து திருகோணமலை ஏறத்தாழ 260 கிலோமீற்றர். கோட்டை ரயில் நிலையத்தில் இரவு ரயில் ஏறினால் கல்லோயாச் சந்தியால் திரும்பி விடியும் பொழுதில் வந்து சேரும். பஸ் என்றால் தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழி. ஹபரணைக்கு அப்பால் மாலையில் யானைகள் வீதிக்கு வரும், ஆகவே தனி வாகனத்தில் வருகிறவர்கள் பகலிலேயே வந்துவிடுங்கள்.

பெட்டியைச் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள். பருத்தி உடுப்பு, ஒரு நல்ல வேட்டி அல்லது சேலை, வீட்டில் உடுக்க இரண்டு சாரம் (லுங்கி என்று நீங்கள் சொல்வது), கழற்றி மாட்ட இலகுவான செருப்பு, நுளம்பு வலை (கொசுவலை). மே முதல் செப்டம்பர் வரை வெயிலும் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றும் வாயை உலர்த்திவிடும். ஒக்டோபரில் மழை பிடித்தால் தை பிறக்கும் வரை அடிக்கும். மழைக்குப் பின் டெங்குக் காய்ச்சல் வரும். காய்ச்சல் என்றால் இரண்டு நாள் பொறுத்துப் பார்க்காமல் வைத்தியசாலைக்குப் போய் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். குடிப்பது கொதித்தாறிய நீர் மட்டும். கடவுச்சீட்டின் பிரதி ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும், மூலப்பிரதி அலுமாரியில் இருக்கட்டும். தங்கும் பகுதியின் கிராம உத்தியோகத்தரைச் சபைப் பெரியவரோடு போய்ச் சந்தித்து, யார் நீங்கள், ஏன் வந்திருக்கிறீர்கள் என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒளித்து வைக்கப்பட்ட விருந்தாளிதான் சந்தேகத்தைக் கிளப்புகிறார்.

சந்தித்த பிறகு ஒரு சைக்கிள் வாங்குங்கள். வேகமாகப் போகிறவருக்கு ஊர் பிடிபடாது.

ஒரு கொப்பி

நோட்டுப் புத்தகத்தை இங்கே கொப்பி என்பார்கள். நாற்பது பக்கக் கொப்பி ஒன்றை வாங்கி, முதல் மூன்று மாதமும் கேட்கிற புதுச் சொல்லையெல்லாம் எழுதுங்கள். "எனக்குத் தமிழ் தெரியும்" என்று இதைத் தட்டிக் கழித்தவர்கள்தான் அதிகம் இடறினார்கள்.

மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி, உப்புவெளியில் ஒரு வீட்டுக்குப் போய்ப் பேச்சுக் கொடுத்தார். வீட்டுக்காரர் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். "இப்போது நேரமில்லை தம்பி, ஆறுதலாகக் கதைப்போம்" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். தம்பி என்னிடம் ஓடிவந்து, "அம்மா, அந்த ஐயா மனம் உடைந்துபோயிருக்கிறார், ஆறுதல் வேண்டும் என்று அவரே வாய்விட்டுச் சொன்னார்" என்றார். மறுநாள் விடியற்காலையிலேயே வேதாகமத்தோடு போய்க் கதவைத் தட்டியும் விட்டார். இங்கே "ஆறுதலாக" என்றால் அவசரமில்லாமல், பிறகு, நேரம் கிடைக்கும்போது என்று பொருள். பல வேளைகளில் "வேண்டாம்" என்பதன் நாகரிகமான வடிவமும் அதுதான். அந்த ஐயா கோபிக்கவில்லை, தேநீர் கொடுத்து அனுப்பினார். ஆனால் அதற்குப் பிறகு தம்பியைத் தெருவில் கண்டால் குனிந்துகொண்டு போனார்.

இப்படி எத்தனையோ. பேசுவதைக் கதைப்பது என்போம். காரத்தை உறைப்பு என்போம். கச்சான் என்று விற்றுக்கொண்டு வந்தால் அது வேர்க்கடலை. வடிவு என்றால் அழகு. கெதியாய் என்றால் விரைவாய். "மருந்து எடுக்கப் போகிறேன்" என்றால் வைத்தியரைப் பார்க்கப் போகிறேன் என்பதாகும். "நீர்" என்ற சொல்லைத் தமிழகத்துக் கிறிஸ்தவர் ஜெபத்தில் மட்டும் கேட்டிருப்பார். இங்கே தம்மிலும் இளையவரையும் ஒத்த வயதினரையும் மனைவியையும்கூட அன்பாக "நீர்" என்பார்கள். உங்களை ஒரு அக்கா "நீர் சாப்பிட்டீரா?" என்று கேட்டால் சேர்த்துக்கொண்டார் என்று மகிழுங்கள். நீங்கள் மட்டும் எல்லோரையும் "நீங்கள்" என்றே சொல்லிப் பழகுங்கள். சிறு பிள்ளைகளையும் கூடத்தான்.

சமயச் சொற்களில் இன்னும் கவனம் வேண்டும். இங்குள்ள மூத்தவர்கள் கிறிஸ்தவரை வேதக்காரர் என்றும் இந்துக்களைச் சைவக்காரர் என்றும் சொல்வார்கள். "நீங்கள் வேதமா சைவமா?" என்று கேட்டால் திகைக்க வேண்டாம். கத்தோலிக்கர் "ஆண்டவர்" என்பார்கள், பூசைக்குப் போவார்கள், குருவானவரைச் சுவாமி என்றோ பாதர் என்றோ அழைப்பார்கள். மெதடிஸ்த, அங்கிலிக்கச் சபையினர் "கர்த்தர்" என்பார்கள், ஆராதனைக்குப் போவார்கள். திருகோணமலைக் கிறிஸ்தவர்களில் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர். 1893 முதல் இது ஒரு மறைமாவட்டத்தின் தலைநகர். பாலையூற்று லூர்து மாதா கோயிலுக்குப் போகிற ஒரு பாட்டியைப் பார்த்து "நீங்கள் இரட்சிக்கப்பட்டுவிட்டீர்களா?" என்று கேட்டுவிடாதீர்கள். நான்கு தலைமுறையாக ஜெபமாலை சொல்லிவருகிற குடும்பத்துப் பெண் அவர். அந்தக் கேள்வியை ஒருவர் கேட்டுவிட்டு வந்தபோது நான் வெட்கத்தால் தலைகுனிந்து அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

சொல்லைக் கற்கும் உழைப்பு வீண்போகாது. 1847இல் தம் இருபத்தைந்தாவது வயதில் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், தமிழைக் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி, தமிழிலேயே வைத்தியர்களை உருவாக்கினார். மானிப்பாயில் அவர் பெயரால் வைத்தியசாலை இன்றும் நிற்கிறது. எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் அவரைக் கொள்ளுங்கள்.

கோட்டை வாசலில் நின்று பாருங்கள்

முதல் மாதத்தில் ஒரு நாள் காலை, வெயில் ஏறும் முன் பிரெட்றிக் கோட்டைக்குப் போங்கள். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழி அதுதான். வாசல் வளைவுக்குப் பக்கத்துக் கல்லில் இரட்டைக் கயல் பொறித்திருக்கிறது, தேய்ந்த தமிழ் எழுத்துகளும் இருக்கின்றன. முன்னே குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பின்னே பறங்கியர் (போர்த்துக்கேயர்) உடைப்பார்கள் என்று சொல்லும் பாட்டு அது. எங்கள் ஊரில் படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் அது வாய்ப்பாடம்.

சம்பந்தர் பதிகம் பெற்ற அந்தக் கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்தார்கள். இடித்த கல்லை எடுத்துக் கோட்டை கட்டினார்கள். நீங்கள் கை வைத்துப் பார்க்கும் சுவரில் கோயில் கல் இருக்கிறது. 1950இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வெண்கலத் திருவுருவங்கள் கிடைத்தன. இடிபாட்டுக்குப் பயந்து எவரோ புதைத்து வைத்தவை என்றே ஊர் நம்புகிறது. இடித்தவர்கள் சிலுவையைச் சுமந்து வந்தவர்கள். நம்முடைய பெயரைச் சொல்லி வந்தவர்கள். அதற்கு நீங்களோ நானோ பொறுப்பில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஒரு சைவ வீட்டுப் படலையில் (வெளிவாசலில்) நீங்கள் நிற்கும்போது, அந்த வீட்டுப் பெரியவரின் கண்ணில் நீங்கள் எந்த வரிசையின் கடைசி ஆள் என்பதைத் தெரிந்துகொண்டு நில்லுங்கள்.

உள்ளே போனால் மரநிழலில் புள்ளிமான்கள் படுத்திருக்கும். மேலே ஏறிக் கோயிலையும் பார்த்துவிட்டு வாருங்கள். செருப்பைக் கழற்றுங்கள், ஒதுங்கி நில்லுங்கள், பூசை நடந்தால் பேசாதீர்கள், அங்கே நின்று எவரிடமும் உங்கள் விசுவாசத்தைப் பற்றி ஆரம்பிக்காதீர்கள். "விக்கிரகம்" என்ற சொல் உங்கள் வாயில் இந்த ஊரில் வரவே கூடாது. அதைவிட ஆழமாகக் காயப்படுத்தும் சொல்லை நான் அறியேன்.

போர்த்துக்கேயர் விட்டுப்போனது இடிந்த கல் மட்டும் இல்லை. நீங்கள் உட்காரும் கதிரை, காலையில் தின்னும் பாண், எங்கள் குசினி, நீங்கள் கழற்றி வைத்த சப்பாத்து, துணி வைக்கும் அலுமாரி எல்லாம் அவர்கள் மொழியிலிருந்து வந்த சொற்களே. பறங்கியர் வழிவந்த குடும்பங்கள் இன்றும் நம்மோடு வாழ்கின்றன. அவர்களில் மூத்தவர்கள் சிலர் வீட்டில் போர்த்துக்கேயக் கிரியோல் பேசுவார்கள். வந்தேறியவர்களும் வேர்விட முடியும் என்பதை அந்த வீடுகளில் பார்க்கலாம்.

வீடுகளுக்குப் போகும் முறை

மூன்று மாதம் பிரசங்கம் செய்யாதீர்கள். எங்கள் வீட்டில் தங்குகிற எவருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான். சிலர் முகம் சுருங்குவார்கள். ஊரிலிருந்து பணம் அனுப்புகிறவர்களுக்கு என்ன எழுதுவது என்று கேட்பார்கள். "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று எழுதுங்கள், அது உண்மையான வேலை.

தனியாகப் போகாதீர்கள், இருவராகப் போங்கள். இளைஞர்கள் பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குள் ஏறாதீர்கள். படலையில் நின்று பேசிவிட்டுத் திரும்புங்கள். தேநீர் கொடுத்தால் மறுக்காதீர்கள். பால் இல்லாமல் வெறும் தேநீரும் கடிக்க ஒரு துண்டுச் சர்க்கரையும் வந்தால், அந்த வீட்டில் அன்று அவ்வளவுதான் இருக்கிறது என்று புரிந்துகொண்டு முழுவதையும் குடியுங்கள்.

பல வீடுகளில் சுவரில் ஒரு இளைஞனின் படம் இருக்கும். மாலை போட்டிருக்கலாம், போடாமலும் இருக்கலாம். மாலை இல்லாத படத்தைப் பார்த்து "இவர் இப்போது எங்கே இருக்கிறார்?" என்று கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் அந்தத் தாய் இத்தனை வருடமாக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறாள். மாலை போட்டால் பிள்ளை இறந்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று வெறும் படமாகவே வைத்திருக்கிறாள். இந்த ஊரில் 2006 ஜனவரியில் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே வருடம் ஆகஸ்டில் மூதூரில் பதினேழு மனிதாபிமானப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து எடுத்துக்கொண்டது வேறு. இவற்றைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் வசனம் சொல்லி நிறுத்தாதீர்கள். "கடவுளுடைய சித்தம்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். ஒரு தாய் என் முன்னால் ஒரு பிள்ளையிடம் திருப்பிக் கேட்டாள்: "உங்களுடைய அம்மாவிடமும் இதைச் சொல்வீர்களா?" அந்தப் பிள்ளை வாயடைத்துப்போய் அழுதது. அழுததுதான் அன்று அது செய்த நல்ல ஊழியம். அந்தத் தாய் அதன் தலையைத் தடவிவிட்டாள்.

செத்தவீட்டுக்குக் கட்டாயம் போங்கள். கல்யாணத்துக்குப் போகாவிட்டாலும் மன்னிப்பார்கள், செத்தவீட்டுக்குப் போகாதவரை மறக்க மாட்டார்கள். வெள்ளைக் கொடிகள் கட்டியிருக்கும் ஒழுங்கையில் சைக்கிளை விட்டு இறங்கி நடங்கள். கதிரை அடுக்க, தண்ணீர் கொடுக்கக் கை கொடுங்கள். சைவ வீடு என்றால் அவர்கள் கிரியைக்கு இடம் விட்டு ஒதுங்கி இருங்கள், அங்கே ஜெபிக்கலாமா என்று கேட்காதீர்கள். திரும்பும்போது "போய்வருகிறேன்" என்று சொல்லாமல் பேசாமல் எழுந்து வாருங்கள். எட்டாம் நாளும் முப்பத்தோராம் நாளும் மறுபடி போங்கள். அந்தியேட்டிக்கு (முப்பத்தோராம் நாள் கிரியைக்கு) நீங்கள் வந்ததை அந்தக் குடும்பம் பத்து வருடத்துக்குப் பிறகும் சொல்லும்.

கிண்ணியாவும் கந்தளாயும்

திருகோணமலை மாவட்டம் தமிழருக்கு மட்டுமான ஊர் இல்லை. 2012 கணக்கெடுப்பில் முஸ்லிம்களே அதிகம். தமிழரும் சிங்களவரும் அடுத்தடுத்து. கிண்ணியாவிலும் மூதூரிலும் தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் உங்களை விருந்தாளியாக உபசரிப்பார்கள். மூத்தவரைக் காக்கா என்றோ நானா என்றோ, பெண்களை ராத்தா என்றோ அழையுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் கடை பூட்டியிருக்கும். நோன்பு மாதத்தில் பகலில் அவர்கள் முன் தண்ணீர்ப் போத்தலைத் திறக்காதீர்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்புச் சீயோன் சபையிலும் குண்டுகள் வெடித்த பிறகு இரு பக்கத்திலும் பயம் புகுந்தது. ஒரு சிறு கூட்டம் செய்த பாவத்தை ஒரு சமூகத்தின் தலையில் கட்டிப் பேசுகிற கிறிஸ்தவர்களையும் நீங்கள் சந்திப்பீர்கள். அந்தப் பேச்சில் சேராதீர்கள். முடிந்தால் நிறுத்துங்கள்.

கந்தளாய், சேருவில பக்கம் சிங்களம் வேண்டும். "ஆயுபோவன்", "ஸ்துதி" இரண்டையும் முதல் வாரமே பழகுங்கள். மூத்தவர் அய்யே, இளையவர் மல்லி, பெண்கள் அக்கே, நங்கி. புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்காதீர்கள். அது வழக்குவரை போகும். கடற்படைத் தளத்தையும் சீனக்குடா விமானப்படைத் தளத்தையும் படம் எடுக்காதீர்கள். துறைமுகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தொலைபேசியைப் பையிலேயே வைத்திருங்கள்.

அரிசிப் பை

இதை ஒரு சபையிடமும் ஒரு பிள்ளையிடமும் நான் விட்டுக்கொடுத்ததில்லை: கொடுக்கும் நாளில் ஜெபக் கூட்டம் வைக்காதீர்கள், ஜெபக் கூட்ட நாளில் எதையும் கொடுக்காதீர்கள்.

கடல் கோளுக்குப் பிறகு இந்தக் கரையில் உதவி வெள்ளமாக வந்தது. பெரும்பாலும் நல்ல மனத்தோடுதான் வந்தது. சில இடங்களில் வலையும் வள்ளமும் கொடுத்த கையே வேதாகமத்தையும் நீட்டியது. வாங்கியவர் வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? பிள்ளைகள் பசித்திருக்கும்போது தலையாட்டாத தகப்பன் உண்டா? இன்றைக்கும் ஒரு கிராமத்துக்குள் புதிதாக ஒரு கிறிஸ்தவ இளைஞன் நுழைந்தால் "என்ன கொண்டுவந்திருக்கிறீர்கள்?" என்ற கேள்வியும் "மதம் மாற்ற வந்தவர்" என்ற முணுமுணுப்பும் சேர்ந்தே வருவது அதனால்தான்.

உதவி செய்ய வேண்டுமானால் சபையின் மூலம், கிராமத்தின் அபிவிருத்திச் சங்கத்துக்கும் தெரிய, எல்லாச் சமூகத்துக்கும் ஒரே அளவில் செய்யுங்கள். பாடம் சொல்லிக்கொடுக்க வந்தால் பாடம் மட்டும் சொல்லிக்கொடுங்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு ஆங்கிலமும் கணிதமும் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத கிராமங்கள் வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் இருக்கின்றன. பெற்றோரின் சம்மதத்தோடு, திறந்த மண்டபத்தில், இன்னொரு பெரியவர் கூட இருக்கச் சொல்லிக்கொடுங்கள். சைவப் பிள்ளையின் நெற்றித் திருநீற்றை எவரும் துடைக்கச் சொன்னால், அவர் எந்தச் சபையின் எந்தப் பெரியவராக இருந்தாலும், நீங்கள் எழுந்து மறுக்க வேண்டும்.

தொலைபேசியில் வரும் ஆபத்து ஒன்று. ஊரிலுள்ள ஆதரவாளர்களுக்குக் காட்டுவதற்காக ஒரு பெண்ணின் சாட்சியத்தைப் பதிவுசெய்து ஒருவர் இணையத்தில் போட்டார். மூன்றாம் நாள் அது அந்தப் பெண்ணின் மாமியாருடைய கைக்கு வந்தது. அந்தப் பெண் தன் பிள்ளைகளோடு தாய் வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. ஞானஸ்நானம், கண்ணீர், ஏழை வீடு, பிள்ளைகளின் முகம், இவற்றில் எதையும் படம் எடுக்காதீர்கள். உங்கள் அறிக்கைக்குக் கடலைப் படம் பிடித்து அனுப்புங்கள், போதும்.

மனம் சோரும்போது

நான்காம் மாதம் வரும். எல்லோருக்கும் வருகிறது. சாப்பாடு கசக்கும், சொதியைக் கண்டால் சாம்பார் நினைவு வரும், ஒருவரும் கேட்கவில்லை, ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றும். அப்போது வேலையைக் கூட்டாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் முழுவதும் ஓய்வெடுங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போய் ஏழு கிணற்றிலும் அள்ளிக் குளித்துவிட்டு வாருங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூட்டில் இருக்கும். வீட்டுக்குத் தினமும் பேசாதீர்கள், வாரம் இரண்டு முறை போதும். தினமும் பேசினால் உடம்பு இங்கேயும் மனம் அங்கேயுமாகவே இருக்கும். ஆனால் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல் இரண்டு வாரம் போனால் மறைக்காமல் சொல்லுங்கள். திரும்பிப் போவதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஒரு பிள்ளையை ஐந்தாம் மாதம் நானே ரயில் ஏற்றிவிட்டேன். இப்போது தன் ஊரில் நல்ல தாதியாக இருக்கிறாள்.

காதல் வந்தால்? இளவயது, வரத்தான் செய்யும். ஊழியக் காலம் முடியும்வரை வாய் திறக்காதீர்கள். முடிந்து ஊருக்குப் போய், உங்கள் பெற்றோரை முன்னிட்டுக்கொண்டு முறையாகக் கேளுங்கள். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், அந்தப் பெண் இந்த ஒழுங்கையில்தான் நடந்தாக வேண்டும்.

போகும்போது

கடைசி மாதத்தில் புதிய வேலை எதையும் தொடங்காதீர்கள். தொடங்கியதை யார் தொடர்வார் என்று எழுதிக் கையளியுங்கள். கடனாக வாங்கிய புத்தகத்தையும் குடையையும் திருப்பிக் கொடுங்கள். சைக்கிளின் பிரேக்கைச் சரிசெய்து சபையில் விடுங்கள். தேநீர் குடித்த எல்லா வீட்டுக்கும், ஒன்றும் விடாமல், ஒரு தடவை போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்; சைவ வீடு, முஸ்லிம் வீடு எல்லாவற்றுக்கும். திரும்பி வருவேன் என்று உறுதியில்லாமல் வாக்குக் கொடுக்காதீர்கள். சென்ற முறை அப்படிச் சொல்லிவிட்டுப் போனவரைப் பற்றி ஒரு பாட்டி இன்னும் என்னிடம் விசாரிக்கிறார்.

அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், முன்னறை மேசையில் வைத்துவிடுங்கள். முன்பு வந்தவர்களின் கொப்பிகள் ஏழு அங்கே இருக்கின்றன. மதுரைத் தம்பியின் கொப்பியில் முதல் பக்கத்தில் ஒரே ஒரு சொல்தான், பெரிய எழுத்தில், இரண்டு கோடு கீறி: ஆறுதலாக. அதற்குக் கீழே அவர் கடைசி வாரத்தில் எழுதியது: "அந்த ஐயா இன்று தானாகவே கூப்பிட்டுக் கதைத்தார். இரண்டு மணி நேரம். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்."